அனுப்பியவர் நல்லவர், முகவரி?

“தெரிந்தவர்தாமே அனுப்பினார்” என்பதோடு நம்மில் பலருடைய ஆய்வு முடிந்துவிடுகிறது. குழுவில் இணைப்பைப் பகிர்ந்தவரின் நல்லெண்ணம், அது இட்டுச்செல்லும் இடத்திற்குப் பிணையாகுமா? அவரும் யாரிடமிருந்தோ பெற்றவர்தாமே!

பூட்டுக்குறி இருக்கிறதே என்போர் உளர். இடைவழியில் எவரும் ஒட்டுக்கேட்க இயலாது என்று மட்டுமே அது உணர்த்தும். மறுமுனையில் இருப்பவரின் நேர்மைக்கு அது சான்றாகாது. மக்கள் இவ்வாறு மயங்கியதாலேயே கூகுள் நிறுவனம் 2023இல் தன் குரோம் உலாவியில் அக்குறியைக் கைவிட்டது.

ஆகவே முகவரியை வாசிக்கப் பழகுவோம். ‘வங்கி.பரிசு.காம்’ என்றிருந்தால், ‘பரிசு.காம்’ என்னும் பெயரைப் பதிந்தவருக்கே அத்தளம் உரியது. முன்னால் நிற்கும் ‘வங்கி’ அவர் ஒட்டிய வெறும் சீட்டு.

நாம் ஆராயாது பகிர்ந்ததை நம்பி எளியவர் ஒருவர் தம் சேமிப்பை இழப்பாராயின், அப்பழியில் நமக்குப் பங்கில்லை என்போமா?