மணலடிக்க மணல் எதற்கு?

வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள்கூடப் பாண்டிக்கு வந்து பி.ஒய். நம்பர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் வண்டியை இந்த ஊரிலேயே வைத்திருப்பவருக்கு அந்த லாபத்தைக் கடல்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவு, டிக்கியில் தண்ணீர் தேங்கும் ஓரம்... முதலில் பெயின்ட் கொப்பளிக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். டிங்கரிங் பட்டறைக்குப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். எமரி பேப்பர், கிரைண்டர் வைத்துத் தேய்ப்பது ஒன்று. கம்ப்ரசர் காற்றோடு மணலைக் கலந்து அடிப்பது இன்னொன்று, அதாவது சேண்ட்பிளாஸ்டிங். பழைய அம்பாசிடர், பத்மினி, ஜீப், புல்லட் இதையெல்லாம் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். மூலை முடுக்கெல்லாம் துரு போய், தகடு பளிச்சென்று வெள்ளையாக வந்து நிற்கும்.

வேலை நல்ல வேலைதான். சிக்கல் அதன் பெயரில் இருக்கிற 'சேண்ட்'.

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. சும்மா கிடக்கும்போது அது யாரையும் ஒன்றும் செய்யாது. குழந்தைகள் அதில் வீடு கட்டி விளையாடலாம். அதே மணலை 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரும்பின் மேல் அடித்தால் ஒவ்வொரு மணியும் நொறுங்கிக் கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத்தான் பிடித்து நிறுத்தும். சில மைக்ரான் அளவுள்ள இந்தத் தூள் நேராக நுரையீரலின் அடிக்குப் போய்த் தங்கிவிடும். அங்கே தழும்பு விழும், நுரையீரல் இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பையும் இது கூட்டும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் டி.பி. மாத்திரையே சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. டாக்டரிடம் போனால் இருமலைச் சொல்வதோடு என்ன வேலை பார்க்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும்.

'ஒரு காருக்கு அடிச்சா என்ன ஆயிடப்போகுது' என்று வண்டிக்காரர் கேட்கலாம். அவருக்கு ஒரு கார். அடிக்கிற பையனுக்கு வருஷம் முழுக்கக் கார். துருக்கியில் ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் 'பழைய லுக்' வருவதற்காக மணலடித்தார்கள். இருபது வயசுப் பையன்கள், சில வருஷ வேலையிலேயே சிலிக்கோசிஸ் வந்து விழுந்தார்கள். 2009-இல் துருக்கி அதைத் தடை செய்தது. லீவைஸும் எச் அண்ட் எம்மும் 2010-இல் மணலடித்த ஜீன்ஸை நிறுத்துவதாக அறிவித்தன. நம் நாட்டுக் கதை இதைவிட மோசம். குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தில் இருந்து வேலைக்குப் போன ஆதிவாசிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. தூள் ஒன்றுதான், தொழில்தான் வேறு.

பிரிட்டன் தன் தொழிற்சாலைகளில் மணல் வைத்து அடிப்பதை 1949-இலேயே விதி போட்டு நிறுத்தியது. நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ்ப் பல மாநிலங்கள் எழுதிய விதிகளில், அடிக்கும் கருவியில் மணலையோ சிலிக்கா உள்ள வேறு பொருளையோ போடக்கூடாது என்றே இருந்தது. ஆனால் மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலை என்று பழைய சட்டத்தில் இருந்தது. 2020-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. மூன்று பேர் வேலை செய்கிற பட்டறையை எந்த இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்ப்பார்? சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதை விட, காசு கொடுப்பவர் வாய் திறந்து கேட்பது நல்லது.

சரி, மணலுக்குப் பதில் எது? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகம் முழுக்க மணலுக்கு மாற்றாக வாங்குகிற கார்னெட், நம் தமிழ்நாட்டுத் தென்கடற்கரை மணலில் இருந்து எடுக்கப்பட்டதுதான். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இருந்து கப்பல் கப்பலாகப் போனது. அந்த மணலை அள்ளியதில் நடந்த முறைகேடுகளும் 2013-இல் வந்த தடையும் தனிக்கதை, தனிப்பதிவே போடலாம். கார்னெட்டில் தனி சிலிக்கா மிகக் குறைவு, மணி கனம், சட்டென்று நொறுங்காது. சேசிஸ், ஆக்சில் போன்ற தடித்த இரும்புக்கு இது சரி. அலுமினியம் ஆக்சைடு இன்னும் கூர்மை, சின்னப் பாகங்களைப் பெட்டிக்குள் வைத்து அடிக்கத் தோது. அலுமினிய எஞ்சின் பாகங்களுக்குக் கண்ணாடி மணி. கதவு, பானெட் மாதிரித் தகடுகள் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதில் முழு அழுத்தத்தில் அடித்தால் தகடு அலையலையாக நெளிந்து, டிங்கருக்கு இரட்டை வேலை. அங்கே சோடா உப்பு நல்லது, பெயின்ட்டை உரிக்கும், தகட்டை நெளிக்காது. ஆனால் ஆழமான துரு அதற்கு மசியாது. அடித்த பிறகு நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட் ஒட்டாது. எம்-சேண்ட் மாற்று ஆகாது, அதுவும் குவார்ட்ஸ் உள்ள கல்லை உடைத்ததுதான். கடற்கரை மணலை அள்ளிவந்து அடிப்பது கொடுமையின் உச்சம். சிலிக்காவோடு உப்பும் தகட்டின் குழிகளில் ஏறி, பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு திரும்பக் கிளம்பும்.

கார்னெட் விலை அதிகம் என்பார்கள். கிலோ கணக்கில் உண்மை. ஆனால் மணல் ஒரு தடவையிலேயே தூளாகிவிடும். கார்னெட்டை மூடிய அறையில் அடித்து, கூட்டிச் சலித்துப் பல தடவை போடலாம். மணலின் விலையில் ஆஸ்பத்திரிச் செலவு சேர்வதில்லை, அதனால்தான் அது மலிவாகத் தெரிகிறது. செலவை நோட்டில் எழுதாமல் விட்டால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும்.

எதை வைத்து அடித்தாலும் கர்ச்சீப் போதாது. பழைய பெயின்ட்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம், அதுவும் தூளாகத்தான் பறக்கும். தலை முழுக்க மூடி, வெளியில் இருந்து சுத்தமான காற்று வரும் ஹெல்மெட் வேண்டும். அந்தக் காற்றைப் பட்டறையின் ஆயில் கம்ப்ரசரில் இருந்து அப்படியே எடுப்பதும் ஆபத்து, கார்பன் மோனாக்சைடு கலந்து வரலாம். கையை எடுத்தால் தானாக நிற்கிற நாசில் இருக்கவேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் வண்டியை அடிக்கக் கொடுக்கவே கூடாது. வேலை முடிந்ததும் சட்டையைக் காற்றடித்துத் தட்டுவது, துடைப்பத்தால் பெருக்குவது இரண்டும் தூளைத் திரும்பவும் மூக்குக்கே அனுப்பும். தண்ணீர் தெளித்துக் கூட்டலாம், இல்லை மெல்லிய தூளையும் பிடிக்கிற ஃபில்டர் உள்ள வேக்குவம் போடலாம்.

வண்டிக்காரருக்கு இன்னும் ஒன்று. அடித்து முடித்த தகட்டை நம் ஊர் ஈரக்காற்றில் ராத்திரி முழுக்க விட்டால் காலையில் அது மஞ்சள் பூத்து நிற்கும். அன்றைக்கே பிரைமர் விழவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையையே வைத்துக்கொள்ள வேண்டாம்.