எழுந்து நடந்துவிட்ட பிள்ளைக்கு இன்னும் என்ன குறை?

2025 ஜனவரியில் புனேயில் கில்லன்-பாரே நோய் பரவியபோது ஒரு மாத காலம் எல்லா ஊடகங்களும் அதைப் பற்றியே பேசின. வயிற்றுப்போக்கு வந்து தணிந்த சில நாட்களில் கால்கள் வலுவிழந்தன. சிலருக்குச் செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டியதாயிற்று. 200-க்கும் மேற்பட்டோர் நோய் சந்தேகப் பட்டியலில் இருந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. பிறகு செய்தி அடங்கிவிட்டது. அந்தக் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினார்களா, மாடிப்படி ஏற முடிகிறதா என்ற செய்தி நம் கண்ணில் படவே இல்லை.

மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பு இழைகளுக்கும் மயலின் என்றொரு உறை இருக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றலே சில நேரம் தடுமாறி இந்த உறையை அரித்துவிடுகிறது. கில்லன்-பாரேயில் பாதிக்கப்படுவது கை, கால்களுக்குச் செல்லும் நரம்புகள். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் உறை கெடும் நோய்கள் வேறு. சளி, காய்ச்சலுக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் ‘ஏடெம்’ என்ற மூளை அழற்சி, ‘மாக்’ எனும் எதிர்ப்பொருளால் வரும் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவை இந்த வகை. நாம் இங்கே பேசப்போவது இவற்றைப் பற்றித்தான்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுவோம். ஏடெம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் எழுந்து நடந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மறுபடி வருவதும் இல்லை. நரம்பு வழியாக 3 முதல் 5 நாள் ஸ்டீராய்டு கொடுத்ததும் பலர் தேறுவதைக் காணலாம். வீட்டார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, கந்தூரி வைத்து, அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடக்கூடாத பக்கம் அது. நடை திரும்பிய பிள்ளைக்குக் கவனமும், யோசிக்கும் வேகமும், கேட்டதை மனத்தில் நிறுத்தும் திறனும் அதே அளவில் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவ ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன. குறிப்பாக 5 வயதுக்குள் நோய் கண்ட பிள்ளைகளிடம். ஹிஃப்ழு மதரஸாவில் நாளுக்கு அரைப் பக்கம் ஒப்புவித்த பையன், நோய்க்குப் பிறகு மூன்று வரியில் தடுமாறினால் உஸ்தாது அதை அலட்சியம் என்றுதான் எடுத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்பார்கள். உடலில் ஒரு குறையும் தெரியாததுதான் இங்கே பெரிய சிக்கல். கால் கட்டோடு வரும் பிள்ளையை யாரும் ஓடச் சொல்வதில்லை.

களைப்பும் அப்படித்தான். மதியத்துக்கு மேல் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை என்று நினைக்கிறோம். உறை கெட்ட நரம்பு வெயிலில் இன்னும் மந்தமாகும். உடல் சூடேறினால் பார்வை மங்கலாம், கால் துவளலாம், குளிர்ந்ததும் சரியாகலாம். நம் ஊர் மே மாதத்தில் இதை அறியாத பெற்றோர் நோய் திரும்பிவிட்டதாகப் பதறுவார்கள். ஆனால் புதிய குறை ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

ஆலிம்கள் என்ற முறையில் நாம் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏடெம் தொடங்கும்போது பிள்ளை உளறும், ஆளை அடையாளம் தெரியாது, காரணமின்றி கத்தும். உடனே ஜின், கண்ணேறு என்று நம்மிடம் அழைத்து வருகிறார்கள். ஓதுவதில் தவறில்லை, ஆம்புலன்ஸில் போகும்போதும் ஓதலாம். இந்த நோயில் ஒவ்வொரு நாள் தாமதமும் கணக்கில் சேரும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகள் நினைவிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து, தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய நாய்க்கடி ஊசி மூளை அழற்சியை உண்டாக்கியது உண்மைதான். அதனால்தான் அதைக் கைவிட்டார்கள். இன்று போடுவது வேறு வகை. தட்டம்மை வந்த பிள்ளைகளிலோ சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு இதே மூளை அழற்சி வருகிறது. ஊசிக்குப் பயந்து நோயை வீட்டுக்குள் விடுவது என்ன கணக்கு?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் கதை வேறு. 2007-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வின்படி, சிறுவயதில் இந்நோய் தொடங்கியவர்கள், பெரிய வயதில் தொடங்கியவர்களைவிட சுமார் 10 ஆண்டு தாமதமாகவே ஊனத்தை எட்டுகிறார்கள். ஆனால் அப்போது அவர்களுடைய வயது மற்றவர்களைவிட சுமார் 10 ஆண்டு குறைவு. வேலையும் குடும்பமும் நிலைகொள்ளும் வயது அது. இன்று 10 வயது முதல் கொடுக்கக்கூடிய ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் நோய் திரும்பி வருவதை வெகுவாகக் குறைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், பிள்ளை நன்றாக இருக்கும் மாதங்களில்தான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால், ‘சம்பந்தம் பேசும்போது மாத்திரை தெரிந்துவிடும்’ என்ற பயம் வேறு. மறைத்து முடிக்கும் நிக்காஹ் அடுத்த தாக்குதல் வரும்வரைதான் தாங்கும். அந்த விலையையும் அந்தப் பெண்தான் கொடுக்கிறாள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் பெயர் இருக்கிறது. ஏடெமின் பெயர் இல்லை; ஆனால் அது விட்டுச்சென்ற பார்வைக் குறை, நடைக் குறை, அறிவுத்திறன் குறை ஆகியவற்றை அளவிட்டுச் சான்று பெறலாம். அளவு 40 விழுக்காட்டை எட்டினால் யூடிஐடி அட்டையோடு 18 வயது வரை இலவசக் கல்வியும் உண்டு. தேர்வில் எழுதுபவர் உதவி, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் ஆகியவை ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதலில் உள்ளன.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். எம்ஆர்ஐ படம், மாக் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, கண் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீடு மாறும்போது முதலில் எடுங்கள். நோய் முடிந்த ஆறாம் மாதத்தில், பிள்ளை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், நரம்பியல் மருத்துவரிடம் நினைவுத்திறன் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். அதன் நகல் ஒன்று வகுப்பாசிரியருக்கு, இன்னொன்று மதரஸா உஸ்தாதுக்கு.