க்ரீன்வில்லுக்குப் போகலாமா?

அமெரிக்காவில் தமிழர்கள் இருவர் சந்தித்தால் ஒரு காலத்தில் பச்சை அட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். இப்போது அதோடு வீட்டு விலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. எடிசனிலும் ஃப்ரீமாண்ட்டிலும் வாடகை கொடுத்துச் சலித்தவர்கள் தெற்கே போய்விடலாமா என்று கேட்கிறார்கள். தெற்கு என்று அவர்கள் சொல்வது அட்லாண்டாவை அல்ல. அங்கே நம்மவர்கள் எப்போதோ போய்க் கோவில் கட்டி, சங்கம் வைத்தாயிற்று. கேள்வியெல்லாம் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில், டென்னசியின் சட்டனூகா, தென் கரோலினாவின் க்ரீன்வில் போன்ற சிறுநகரங்களைப் பற்றியது. இவற்றில் கடைசி ஊரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. போகலாம் என்பதே என் கட்சி. ஆனால் எல்லோரும் போகலாம் என்று சொல்லமாட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த ஊரைப் புரியவைப்பது எளிது. பஞ்சாலைகளால் எழுந்த ஊர். தெற்கின் பெரிய ஜவுளிக் கண்காட்சிகள் 1915 முதல் இங்கே நடந்தன. உலக ஜவுளியின் மையம் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். நடுவே ஓடும் ரீடி ஆறு, ஆலைகளில் அன்று எந்தச் சாயமோ அந்த நிறத்தில் ஓடியது. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அந்த ஆற்றுக்கு ஊரின் மையத்திலேயே ஓர் அருவி உண்டு. 1960இல் அதன் தலைக்கு மேலே நான்கு தடச் சாலைப் பாலம் ஒன்றைக் கட்டி அருவியை மறைத்தேவிட்டார்கள்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இத்தகைய ஊர்கள் வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. லாரன்ஸ் ஹால்ப்ரின் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனைப்படி 1970களின் இறுதியில் பிரதான வீதியை நான்கு தடத்திலிருந்து இரண்டாகக் குறுக்கி மரங்களை நட்டார்கள். 2002இல் அந்தப் பாலத்தை இடித்தார்கள். 2004இல் அதே இடத்தில் நடப்பவர்களுக்கு மட்டுமான, வளைந்த தொங்குபாலம் ஒன்று வந்தது. உபயோகத்தில் இருக்கும் பாலத்தை, அருவி கண்ணில் பட வேண்டும் என்பதற்காக இடிக்க ஒரு நகராட்சிக்கு மனம் வந்தது என்பதை நான் அந்த ஊரின் முதல் தகுதியாகக் கருதுகிறேன். 2020 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 70,720. இவ்வளவு சிறிய ஊரில் மாலையில் நடந்துபோய் உட்கார ஓர் அருவி இருப்பது சாதாரணமானதல்ல.

வேலையைப் பொறுத்தவரை, மிஷலின் டயர் நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைமையகம் இங்கே இருக்கிறது. பக்கத்துக் கவுன்ட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை 1994 முதல் ஓடுகிறது; 11,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். நம் பொறியாளர்களில் பலர் இந்த வாகனத் தொழிலின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்கிறார்கள்.

சாப்பாட்டில் அந்நியம் குறைவு. வெண்டைக்காயை மதிக்கத் தெரிந்த அமெரிக்கர்கள் தெற்கத்தியர்கள் மட்டுமே. வேகவைத்த நிலக்கடலை தென் கரோலினாவின் அதிகாரபூர்வமான தின்பண்டம்; 2006இல் சட்டம் போட்டே அறிவித்தார்கள். சாலையோரத்தில் பெரிய பாத்திரத்தில் தோலோடு கொதிக்கும் கடலையைப் பார்க்கும்போது உப்பு வாசனையே ஊரை நினைவூட்டிவிடும். வயதில் மூத்தவர்களை மரியாதை விகுதி இல்லாமல் விளிக்காத பிள்ளைகளையும் இங்கேதான் பார்க்க முடியும். நியூயார்க்கிலிருந்து வருபவர்களுக்கு இது நாடகமாகத் தோன்றும். நமக்குத் தோன்றாது.

ஆனால் அந்த மரியாதைக்கு ஓர் உட்பொருள் உண்டு. குடிவந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் பழ அப்பத்தோடு வந்து அன்பாக விசாரிப்பார்: நீங்கள் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள்? நம் கிராமங்களில் 'தம்பிக்கு எந்தப் பக்கம்?' என்று கேட்பார்கள் அல்லவா, அதே குரல். கேட்பவர் கெட்டவர் அல்ல. உங்களை எந்த அலமாரித் தட்டில் வைப்பது என்று தெரியாமல் அவருக்கு நிம்மதியில்லை, அவ்வளவுதான். மால்டினில் வேத மையம் என்ற கோவில் இருக்கிறது. அதைச் சொன்னால் மகிழ்ச்சியோடு தலையசைப்பார். எந்தக் கோவிலுக்கும் போவதில்லை என்று சொல்லும் தமிழருக்குத்தான் சங்கடம்.

இலக்கிய வாசகர்கள் இந்த ஊருக்கு வருமுன் ஒரு கட்டுரையைத் தேடிப் படித்துவிடுவது நல்லது. 1947 பிப்ரவரியில் வில்லி எர்ல் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞரை, டாக்சி ஓட்டுநர் ஒருவரைக் குத்தியதாகச் சந்தேகித்து, பிக்கன்ஸ் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். 31 பேர் மீது வழக்கு. பெரும்பாலோர் டாக்சி ஓட்டுநர்கள். பலர் வாக்குமூலமும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ரெபெக்கா வெஸ்ட் நேரில் வந்து வழக்கைக் கவனித்து, 'க்ரீன்வில்லில் ஓர் இசைநாடகம்' என்று பொருள்படும் தலைப்பில் நியூயார்க்கர் இதழில் எழுதினார். அந்த நீதிமன்றக் கட்டடம் இன்னும் பிரதான வீதியில் கம்பீரமாக நிற்கிறது. இப்போது அதில் ஒரு புத்தகக் கடை நடக்கிறது; நல்ல கடை. அங்கே நின்று புத்தகம் புரட்டும்போது, இது எந்த இடம் என்பதைத் தெரிந்துகொண்டு புரட்ட வேண்டும் என்று நினைப்பவன் நான்.

இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1960 ஜூலையில் வெள்ளையருக்கான பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்காக எட்டுக் கறுப்பின மாணவர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் இந்த ஊரில் பிறந்த ஜெஸ்ஸி ஜாக்சன். ஊரில் உள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் மாணவர்கள் வேற்று இனத்தவரோடு பழகிக் காதலிப்பதற்கான தடையை 2000இல்தான் நீக்கியது. மார்ட்டின் லூதர் கிங் நாளை விடுமுறையாக்கக் கவுன்ட்டி 2005இல்தான் ஒப்புக்கொண்டது. இவையெல்லாம் நம்மைப் பற்றியவை அல்ல என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். பழுப்புத் தோலுக்கு இங்கே கிடைக்கும் இதமான வரவேற்பு, கறுப்புத் தோலுக்கு மறுக்கப்பட்டதன் மறுபக்கம் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. நகர மையம் அழகானதும் அதை ஒட்டியிருந்த கறுப்பினக் குடியிருப்புகளில் விலை ஏறி, பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. குறைந்த விலை என்று நாம் ஓடிவரும் விலை, அவர்களுக்கு எட்டாத விலை.

இனி, யார் போகக் கூடாது என்பது. எச்1பி விசாவில் இருப்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும். வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு முதலாளி கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெருநகரத்தில் எதிர்க்கட்டடத்தில் வேலை தேடலாம். இங்கே உங்கள் துறையில் இரண்டே நிறுவனங்கள் இருக்கும். ஒன்று ஆட்குறைப்பு செய்யும் வேளையில் மற்றதும் அதையே செய்துகொண்டிருக்கும். சார்லட் சுமார் 100 மைல், அட்லாண்டா அதைவிட அதிகம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் வாங்கிய வீட்டையும் வைத்துக்கொண்டு அந்த 60 நாட்களைக் கடப்பது எளிதல்ல. பல ஆண்டுகளாகப் பச்சை அட்டை வரிசையில் நிற்பவர்கள், எடிசனின் நெரிசலைச் சகித்துக்கொள்வதே மேல். கடலிலிருந்து தள்ளியிருப்பதால் புயல் பயமில்லை என்று வீட்டுத் தரகர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது இந்தப் பகுதியில் பல வீடுகள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன.

இன்னொன்று, ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோர். எடிசனின் ஓக் ட்ரீ சாலையில் அம்மா தானே நடந்துபோய்க் கொத்தமல்லி வாங்கி, வழியில் இரண்டு பேரோடு தமிழில் பேசிவிட்டு வருவார். க்ரீன்வில்லின் புறநகர் வளாகத்தில் நடைபாதை வளாகத்தின் வாசலோடு முடிந்துவிடும். பேருந்து இருக்கிறது; அதைப் பிடிக்கப் போவதற்கும் கார் வேண்டும். பிள்ளைகள் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை அம்மா கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பனிக்காலத்தில் அந்தத் தொட்டியும் வீட்டுக்குள் வந்துவிடும்.

எனவே கையில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள் தாராளமாக வரலாம். முதல் ஆண்டு வீடு வாங்காமல், நகர மையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சிறிய வாடகை வீடு எடுங்கள். பெரிய புல்வெளி கிடைக்காது. ஆனால் அம்மா வரும்போது தானாகவே அருவிவரை போய்வரலாம்.