தோண்டும்போதே மூட ஆள் வேண்டும்

பைத்தான் என்ற கணினி மொழியில் 'வித்' என்று ஒரு சொல் உண்டு. 2006-ல் வந்த 2.5 பதிப்பில் சேர்த்தார்கள். கல்லூரியில் படிக்கும் பேத்தி அதை எனக்கு விளக்கிச் சொன்ன நாளிலிருந்து, நம் ஊர் நிர்வாகத்துக்கும் இப்படி ஒரு சொல் இருந்தால் தேவலை என்று தோன்றிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். பைத்தானில் தசமக் கணக்குக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. வழக்கமாக 28 இலக்கத் துல்லியத்தில் கணக்குப் போடும். ஓரிடத்தில் மட்டும் 50 இலக்கம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் 28-க்குத் திருப்ப மறந்தால், பின்னால் வரும் கணக்கெல்லாம் வேறு மாதிரி போகும். எங்கே பிசகியது என்று தேடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். 'வித்' போட்டுத் தொடங்கினால், உள்ளே நுழையும்போதே பழைய நிலையை எடுத்துப் பத்திரப்படுத்திவிடும். வெளியே வரும்போது அதைத் தானாகவே திரும்ப வைத்துவிடும். நடுவில் ஏதோ தப்பாகி வேலை பாதியில் முறிந்தாலும் அப்படித்தான். முதலில் பழைய நிலை. அதற்குப் பிறகுதான் இன்ன தவறு நடந்தது என்று புகார் மேலே போகும். (கரண்ட் போய்விட்டால் அதற்கும் வழியில்லை.)

இதற்கு முன்பும் வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் எழுதுகிறவரே ஞாபகமாக எழுத வேண்டும். மனிதன் ஞாபகத்தை நம்பினால் என்ன ஆகும் என்று ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கென்று கொடுத்த கூடுதல் பொறுப்பு இரண்டு வருஷம் ஓடியதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! பிரெஞ்சில் ஒன்றைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பதை 'அடைப்புக்குறிக்குள் போடுவது' என்பார்கள். திறந்த குறியை மூடாமல் விட்டால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் நோட்டையே திருப்பித் தந்துவிடுவார்.

நம் கோயில்களில் இந்த முறை எப்போதோ வந்துவிட்டது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்களே, அதுதான். மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, படத்திலோ சிறு மூர்த்தத்திலோ ஏற்றி, வேறிடத்தில் வைத்து நித்திய பூஜை நடத்துகிறார்கள். வேலை முடிந்ததும் யாகசாலை, பிறகு கும்பாபிஷேகம்; சக்தி மூலவருக்கே திரும்புகிறது. எடுக்கும்போதே திருப்பி வைப்பதும் சடங்கின் பாகம். ஆனால் ஒரு குறை உண்டு. நடுவில் பணம் தீர்ந்தாலோ வழக்கு வந்தாலோ சுவாமி வருஷக்கணக்கில் பாலாலயத்திலேயே இருந்துவிடுகிறார். பாலாலயத்துக்குத் தமிழில் இளங்கோயில் என்று பெயர். அப்பர் பாடிய திருமீயச்சூரில் அந்தப் பெயரே ஒரு சன்னதிக்கு நிலைத்துவிட்டது.

இதை எல்லாம் சொல்ல வைத்தது எங்கள் தெருப் பள்ளம். குழாய்க்காகத் தோண்டினார்கள். சாலையை வெட்ட அனுமதி தரும்போதே சீரமைப்புப் பணத்தைக் கட்டச் சொல்வது வழக்கம்தான். பணம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. கான்ட்ராக்டர் பாதியில் போய்விட்டார். புது டெண்டர் வரட்டும் என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் பால் வாங்கப் போவதை நிறுத்திவிட்டார். முருகன் சினம் தணிந்த ஊர் இது. அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது எனக்கு மட்டும் தணிவதில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. அனுமதிக் கடிதத்திலேயே மூடும் தேதியும், கான்ட்ராக்டர் ஓடிவிட்டால் அதே வாரத்தில் மூட வேண்டிய அதிகாரியின் பதவியும் இருக்கட்டும். அதையே பள்ளத்தின் ஓரத்தில் பலகையிலும் எழுதி வைக்கட்டும். அந்த இரண்டும் இல்லாத கடிதத்துக்குக் கையெழுத்தே விழக்கூடாது. குழாய் இணைப்பு தள்ளிப்போனால் போகட்டும். முதலில் பள்ளத்தை மூடிவிட்டு, யார் மேல் தப்பு என்பதை அப்புறம் ஃபைலில் எழுதிக்கொள்ளலாம்.