மரண ரயிலின் ஜன்னலோரம்

தாய்லாந்துக்குச் சுற்றுலா போயிருந்த ஆத்தூர் நண்பன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். தம் கிராசே மரப்பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போகிறது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் குவாய் ஆறு. 'சொர்க்கம்டா மாப்ள' என்று எழுதியிருந்தான். நானும் அவனும் ஒரே சேரியில் வளர்ந்தவர்கள். அவனுடைய அப்பாயியின் சித்தப்பா 'கப்பலுக்குப் போனவர்'. மலாயாவுக்குப் போனவர்களை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பாதை சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கும் ஆளும் கொண்டுபோக 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர்; செத்தவர்கள் 12,000-க்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் உண்டு. ஆசியத் தொழிலாளர்களோ ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் இவர்களில் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம்! கைதிகளுக்கு அவர்களுடைய ராணுவமே பட்டியல் வைத்திருந்தது. கூலிகளை எண்ணக்கூட ஆளில்லை.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. கங்காணி வந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு வருவான் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலமில்லாதவன், பண்ணையாளுக்குப் பிறந்தவன், பஞ்சத்தில் முதலில் சாகிறவன்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினான். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்பலைத் தடைசெய்தபோது போனவர்கள் போனதுதான்.

பழைய சரக்குப் பாதையை அழகு பார்க்கும் பாதையாக்குவது எங்கும் நடக்கிறது. மொராக்கோவில் ஊஜ்தாவிலிருந்து பூவார்ஃபா வரை, முன்பு மாங்கனீசு ஏற்றிவந்த தண்டவாளத்தில், பாலைவன ரயில் பயணம் நடத்துகிறார்கள். அந்தப் பூவார்ஃபாவில்தான் இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் விஷி அரசு முகாம் வைத்து, சகாராவுக்குள் பாதையை நீட்ட ஸ்பானியக் குடியரசுவாதிகளையும் யூதர்களையும் கட்டாய வேலை வாங்கியது. ரயிலேறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுகிறவன். காட்சியை விற்கும்போது அதைச் செய்த கைகளை மறைக்காதீர்கள் என்கிறேன்.

மறைப்பவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல. குவாய் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படம் இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அது பிரிட்டிஷ் கைதிகளின் கதை. சரி, அது அவர்கள் படம். நாம் என்ன செய்கிறோம்? மலேசியத் தமிழர்கள்தான் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களை எழுதினார்கள். 2023-இல் காஞ்சனபுரியில் நடுகல் வைத்தது தாய்லாந்துத் தமிழ்ச் சங்கம். இங்கே அதைத் 'தமிழரின் தியாகம்' என்று பேசுகிறோம். தியாகமா? நாளுக்கு ஒரு டாலர் என்று ஆசைகாட்டியும் லாரியில் அள்ளிப்போட்டும் கொண்டுபோனார்கள். செத்தபின் தமிழராகிவிட்ட இவர்களின் பேரப்பிள்ளைகள், ஊருக்குள் பிணத்தை எடுத்துப்போக இன்றும் பொதுப்பாதை கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது.

சேலம், நாமக்கல் மாவட்டச் சேரிகளில் வீடுவீடாகப் போய், கப்பலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைத் தமிழக அரசு தொகுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கு மாணவர்களை அனுப்பலாம். கேட்டுச் சொல்லக்கூடிய கிழவிகள் சிலர்தான் மிச்சம். தாமதிக்க நேரமில்லை.

நண்பனிடம் அப்பாயியைக் கேட்கச் சொன்னேன். இரவு பதில் வந்தது: "பேரு தெரியாதாம். சின்னப்பையன்னுதான் கூப்புடுவாங்களாம்."