பழைய துணி கொடுப்பது தானம் அல்ல

தீபாவளிக்கு முன்னால் அலமாரியை ஒழிக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இது எனக்குப் பிடிக்கலை. யாருக்காவது கொடுத்துடலாம், புண்ணியமாவது கிடைக்கும்." இரண்டு முறை உடுத்திய சுடிதார், கல்யாண வீட்டில் வைத்துக் கொடுத்த புடவை, கை இறுக்கும் சட்டை எல்லாம் ஒரே பையில் விழுகின்றன. பை வாசலைத் தாண்டியதும் மனசு லேசாகிவிடுகிறது. இந்தப் புண்ணியக் கணக்கு தப்பு. வாங்குகிறவரின் இடத்தில் நின்று ஒருநாளும் பார்க்காததால்தான் இத்தனை காலம் இதை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நாகப்பட்டினம் இதைக் கண்ணால் பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்திலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அது. அடுத்த நாட்களில் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் பல அதைத் தொடவில்லை. உழைத்த காசில் உடுத்தியவர்கள், ஊரார் கழித்துப்போட்டதை எதற்கு உடுத்த வேண்டும்? துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. வீடிழந்தவர்களைப் பார்க்க வேண்டிய கைகளுக்கு அதை அள்ளுவதும் ஒரு வேலையாயிற்று. அப்படித் தேங்கிய துணிகளைத் தரம்பிரித்துப் பயன்படுத்தும் பொறுப்பை டெல்லியின் கூஞ்ச் அமைப்பு பிறகு ஏற்றுக்கொண்டது. அனுப்பியவர்களில் பலர் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால், தனக்கு வேண்டாதது இல்லாதவருக்கு வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது?

"பேரிடர் வேறு, நான் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத்தானே கொடுக்கிறேன்" என்பார்கள். அந்த அக்கா வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறார். நாளைக்கும் அதே வீட்டுக்கு வர வேண்டும். சிரித்தபடி வாங்கிப் போகிறார். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வரும்போது அதைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினால், அவர் மேல் வருத்தப்பட நமக்கு என்ன இருக்கிறது? பண்டிகைக்கு அவருக்கு நாம் தர வேண்டியது புதுத் துணியும் போனஸும். அக்கா பாவாடை தங்கைக்கு வருவது, சித்தி பிள்ளைகளுக்குள் சட்டை கைமாறுவது வேறு கதை. பிடிக்கவில்லை என்றால் அங்கே முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

வாங்கிய துணிக்குப் பொறுப்பு வாங்கியவருடையது. ஒரு பருத்தி டீஷர்ட்டுக்குப் பருத்திச் செடியில் தொடங்கிச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைப் பாழாக்கி, 2011-இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அப்படி வந்த துணியை இரண்டு முறை உடுத்திவிட்டுத் தள்ளுவதற்குப் பேர் தர்மமா?

முதலில், ஏன் பிடிக்கவில்லை என்று துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் துணியில் குற்றம் இருக்காது, தையலில்தான் இருக்கும். தையல்காரர் தைத்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பினால், ஓரத்தில் துணி விட்டு இரண்டு மூன்று தையல் ஓடியிருக்கும். உடம்பு பெருத்தால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. பருத்தியானால் பிரித்த இடத்து ஊசித்துளைகள் துவைக்கத் துவைக்க மறையும். பட்டில் மறையாது, அதனால் பட்டைப் பிரிக்கும்முன் யோசிக்க வேண்டும். ரெடிமேடு குர்த்தாவில் ஓரத்தில் விட்ட துணி அரை அங்குலம்கூடத் தேறாது. பெரிதாக்க முடியாது, ஆனால் பிடித்துத் தைக்கலாம். கழுத்து இறங்கினால் தோளில் ஒரு பிடி, நீளம் கூடினால் கீழே ஒரு மடிப்பு. நிறம்தான் பிடிக்கவில்லை என்றால் பருத்திக்குச் சாயம் ஏற்றலாம். தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால் பழைய நிறத்திலேயே தெரியும், அதுவும் ஒரு அழகுதான்.

எதுவும் சரிப்படாவிட்டால் வீட்டில் உடுத்தியே தேய விடுங்கள். நைந்த பருத்திப் புடவை குழந்தைக்குத் தூளியாகும், தலையணை உறையாகும், கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகும். பாலியெஸ்டருக்கு அந்த மறுவாழ்வு கிடையாது. தண்ணீரைக் குடிக்காது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். ஆகவே பிடிக்காத பாலியெஸ்டர் புடவையை உடுத்தியே தீர்க்க வேண்டும், அடுத்ததை வாங்காமலும் இருக்க வேண்டும். மனசுக்கு ஒட்டாத துணியைத் தினமும் உடுத்துவது கொஞ்சம் கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தை இன்னொருவர் தலையில் கட்டி அதற்குத் தானம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

கொடுக்க ஆசை இருந்தால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். பழையது என்றால், கேட்டவருக்கு மட்டும் துவைத்துத் தேய்த்துக் கொடுங்கள். ஒதுக்கிவைத்த பையைப் பிரித்து, திருத்த முடிந்ததைத் தையல்கடைக்கு எடுத்துப் போங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் ஆல்ட்டர் வேலையைக் கையில் வாங்க மாட்டார்கள், ஐப்பசி பிறக்கும் முன்பே போய்விடுங்கள்.