வாக்குப் போடும் சனிக்கிழமை

அன்பான ஊர்ச் சனங்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து மடல் வந்தால் கோயில் திருவிழா அல்லது வாசிகசாலைக் கட்டட நிதி பற்றித்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். இது அதுவல்ல. சிட்னியில் தேர்தல் நாள் எப்படிக் கழிகிறது என்று சொல்ல ஆசைப்பட்டேன்.

அவுஸ்திரேலியாவில் நாடாளுமன்றத் தேர்தல் எப்போதும் சனிக்கிழமைதான். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடியும். வாக்களிப்பு நிலையம் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடம். வாசலை அடைய முன்னமே வெங்காயம் வதங்கும் மணம் வந்துவிடும். பெற்றோர் சங்கத்தார் சொசேஜ் சுட்டு, பாண் துண்டில் வைத்து, மேலே தக்காளி சோஸ் விட்டு விற்பார்கள். ‘ஜனநாயக சொசேஜ்’ என்று அதற்குப் பெயர். வரும் காசு பள்ளிக்கூடத்துக்கு. பக்கத்து மேசையில் வீட்டில் செய்த கேக். நான் போகும் பள்ளிக்கூடத்தில் எங்கட ஆட்கள் கடலை வடையும் சுடுகிறார்கள். சொசேஜைவிட அதுதான் சுறுக்காக முடிகிறது.

எதிரெதிர்க் கட்சித் தொண்டர்கள் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுப் பிரசுரம் நீட்டுவார்கள். இடையிடையே ஒருவருடைய பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வார். உள்ளே பெயரும் விலாசமும் கேட்டு, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா என்று விசாரிப்பார்கள். அவ்வளவுதான். அடையாள அட்டை கேட்பதில்லை. சோதனைச்சாவடிகளில் அட்டையை நீட்டியே பழகிய என் கை முதல்முறை தானாகவே சட்டைப்பைக்குப் போய்விட்டது. பிறகு மட்டைத் தடுப்பு, ஒரு பென்சில், பச்சைத் தாள். அதில் எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை இட வேண்டும். செனட்டுக்கு வெள்ளைத் தாள்; அதை விரிக்க அந்தத் தடுப்புக்குள் இடம் போதாது.

வாக்களிப்பு இங்கே கட்டாயம். தவறினால் 20 டொலர் அபராதம். 1922 தேர்தலில் நூற்றுக்கு 60 பேர்கூட வராததால் 1924இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே வருகை 90ஐத் தாண்டியது. பயத்தில் தொடங்கியது இன்று பழக்கமாகிவிட்டது. சனம் முணுமுணுத்துக்கொண்டு வரும், சிரித்துக்கொண்டு திரும்பும்.

இதில் என்ன பெரிய சந்தோஷம் என்று கேட்பீர்கள். ஒன்றுமே நடக்காததுதான் சந்தோஷம். எங்கட பக்கம் 1981 யூன் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் இருக்கையில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் பகிஷ்கரிப்பு, யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. தேர்தல் என்றால் கதவைச் சாத்து என்று பழகிய எனக்கு, வாக்குப் போட்டுவிட்டு வெயிலில் நின்று வடை தின்னும் அரை மணி நேரம் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. திருவிழா என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது அதைவிடச் சாதாரணமானது, அதனால்தான் பிடித்திருக்கிறது.

ஊரிலும் காலம் மாறியிருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கும் எண்ணப்பட்டது. மிகப் பலர் இரண்டாம் விருப்பைக் குறிக்காமலே விட்டார்கள். இனி அப்படி விடாதீர்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தை விதானையார் வந்து கேட்கும்வரை மேசையில் கிடத்தாமல் நிரப்பிக் கொடுங்கள். பதினெட்டு ஆன பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள்.

அடுத்த வாக்களிப்பு நாளில் குடும்பமாகப் போங்கள். வந்தவுடன் கேற்றைப் பூட்டிக்கொள்ளாமல், வாசிகசாலைத் திண்ணையில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போங்கள். கட்சிக் கதை வேண்டாம், அன்றைக்குப் பிரசாரம் செய்யச் சட்டம் விடாது. தேத்தண்ணீரையும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்க வேண்டாம், இலஞ்சம் என்று சொல்லிவிடுவார்கள். அவரவர் காசில் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை